தர்ஷனைச் சேர்க்க ஓர் இடம்

வளவில் நின்ற வாழைகளைத் தர்ஷன் வெட்டிச் சாய்த்த அன்று அவனுடைய அக்கா சுமித்திரா வேலையில் இருந்தாள். ஒட்டுசுட்டானுக்கு அப்பால், வயலும் காடும் முட்டுகிற ஒரு நிலத்தில் அவளுடைய அணி கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தது. நிலத்துக்குள் இறங்குமுன் கைபேசிகளைக் கூடாரத்தில் வைத்துவிட வேண்டும். ஓய்வு நேரத்தில் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தபோது திரை நிறைய அம்மாவின் அழைப்புகள். திரும்ப அழைத்தாள்.

“புள்ள, ஓடியாடி. மரத்த எல்லாம் வெட்டுறான். வாழைக்குள்ள ஆளு ஒளிஞ்சிருக்காம். கமரா வச்சு இவனப் பாக்குறாங்களாம்.”

தாய் வடிவம்மா வன்னிக்கு வந்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் பேச்சில் மலைநாடு போகவில்லை. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. காடு வெட்டி, கிணறு வெட்டி, யானைக்கு வெடி கொளுத்தி உண்டாக்கிய வளவு அது. கணவன் மாயாண்டி கடைசி யுத்தத்தில் ஷெல் பட்டு இறந்துபோனார். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இருவருக்கும் வன்னிப் பேச்சுத்தான் வாயில் வரும்.

சுமித்திரா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியபோது ஒரு வாழையும் நிமிர்ந்து நிற்கவில்லை. தம்பியை மாட்டுக்கொட்டில் தூணோடு சங்கிலியால் கட்டியிருந்தார்கள். கட்டியவர் பக்கத்து வளவுக் கணபதி. நல்ல மனிதர், பயந்துபோய்ச் செய்த வேலை. தர்ஷன் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு காய்ந்து வெடித்திருந்தது. இருபத்தைந்து வயதுப் பையனின் கன்னத்தில் சதையே இல்லை.

“சங்கிலியைக் கழட்டுங்கோ அண்ணை,” என்றாள் சுமித்திரா.

“பிள்ளை, அவன் கத்தியோட நிண்டவன்.”

“கத்தி இப்ப உங்கட கையில இருக்கு. கழட்டுங்கோ. நான் நிக்கிறன்.”

அவள் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. கணபதி கழற்றினார். அவள் தம்பிக்கு எட்டாத தூரத்தில் குந்தி, ஒரு செம்புத் தண்ணீரைத் தரையில் அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள். வாழைக்குள் ஆள் இருந்ததா இல்லையா என்று அவள் வாதாடவில்லை. “ஒருத்தரும் உன்னைத் தொடமாட்டினம். தண்ணியைக் குடி,” என்று மட்டும் சொன்னாள். குடித்தான். பொழுது சாயுமுன் அங்கேயே சரிந்து, அடித்துப் போட்ட மாதிரி நித்திரையானான். அவன் கண்மூடிப் பல நாளாகியிருந்தது.

அவன் டிப்பர் ஓட்டுபவன். மணல் ஏற்றுவதும் இறக்குவதும் பெரும்பாலும் இரவில். நித்திரை தூங்கினால் வண்டி பள்ளத்தில். கூட ஓடிய ஒருவன் ஐஸ் என்கிற அந்தக் கண்ணாடித் தூளைக் கொடுத்துப் பழக்கினான். முதல் சில மாதங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெடியன் சுறுசுறுப்பாக இருந்தான், சிரிக்கச் சிரிக்கக் கதைத்தான், வந்த கையோடு அம்மாவின் கிணற்றடியைச் சீமெந்து பூசிக்கொடுத்தான். பிறகு நாட்கணக்காக நித்திரையில்லை, சாப்பாடில்லை. உடம்பை அடக்கி நித்திரை கொள்ள ஹெரோயின் வேண்டியிருந்தது. ஒன்று எழுப்ப, ஒன்று படுக்க வைக்க. இரண்டுக்கும் நடுவில் தர்ஷன் என்று ஒருவன் இல்லாமற்போனான். தண்ணீர் இறைக்கிற மோட்டர் காணாமற்போனபோதுதான் வடிவம்மாவுக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு ஊர் முழுவதும் வைத்தியம் சொன்னது. கலியாணம் கட்டி வைத்தால் சரியாகிவிடும் என்றார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பச் சொன்னார்கள். செய்வினை என்று ஒருவர் எலுமிச்சம்பழம் வெட்டினார். வாழை வெட்டிய அடுத்த நாள் உறவுக்காரர் ஒருவர் தனியார் இடம் ஒன்றைச் சொன்னார். ஆளைக் கொண்டுபோய் விட்டால் போதும், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம்.

சுமித்திரா தம்பியைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. முதலில் தான் மட்டும் போய்ப் பார்த்தாள். நகரத்துக்கு வெளியே ஒரு பழைய வீடு. யன்னல்களைப் பலகை வைத்து அடித்திருந்தார்கள். மொட்டை அடித்த பெடியள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். அவளை நிமிர்ந்து பார்க்க ஒருவனுக்கும் துணிவில்லை.

“டொக்டர் வாறவரோ?” என்று கேட்டாள்.

நடத்துகிறவர் சிரித்தார். “இதுக்கென்ன டொக்டர் தங்கச்சி? ரெண்டு சாத்துச் சாத்தினால் எல்லாம் வழிக்கு வரும். ஆறு மாசத்துக்கு வீட்டாக்கள் பாக்க ஏலாது.”

அவள் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள்.

கண்ணிவெடி அணி ஒவ்வொன்றுக்கும் முதலுதவி தெரிந்த ஒருவர் உண்டு. சுமித்திராவின் அணியில் அது தயாளினி. மறுநாள் வேலைத்தளத்தில், மரத்தடியில் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்துக்கொண்டே சுமித்திரா எல்லாவற்றையும் சொன்னாள்.

“ஏனடி இவ்வளவு நாளும் சொல்லேல்லை?” என்றாள் தயாளினி. “இதுவும் ஒரு நோய், வருத்தம். நெஞ்சுக்குள்ள நோவு எண்டால் எங்கை கொண்டுபோவாய்? அங்கைதான் இதுக்கும். எங்கட மாவட்ட ஆஸ்பத்திரியிலயே மனநலப் பிரிவு இருக்கு. வாட் இருக்கு. ஒரு சதமும் கேக்க மாட்டினம்.”

“பொலிஸுக்குச் சொல்லுவினமோ?”

“மருந்துக்கு வந்தவனைப் பிடிச்சுக் குடுக்கிறது ஆஸ்பத்திரியின்ர வேலை இல்லை. நீயே நேர கேளன். உன்னை ஆர் ஏய்க்கிறது!”

தர்ஷன் ஒரு நாள் முழுக்கத் தூங்கி எழும்பி, கிடைத்ததையெல்லாம் தின்று, பிறகு ஒரேயடியாகச் சோர்ந்துபோய்க் கிடந்தான். செத்தாலும் பரவாயில்லை என்று முணுமுணுத்தான். சுமித்திரா அவனருகில் போய் இருந்தாள். “ஒரு டொக்டரைப் பாப்பம். பிடிக்கேல்லை எண்டால் திரும்பி வருவம்,” என்றாள். அவனுக்கு மறுக்கவும் தெம்பில்லை.

மனநலப் பிரிவில் இருந்த வைத்தியர் இளம் பெண், பெயர் கஜனி. சுமித்திரா தம்பிக்காகப் பேசத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அக்கா, நீங்கள் இருங்கோ. நான் இவரோட கதைக்கிறன். தம்பி, கடைசியா எப்ப எடுத்தனீங்கள்? எது? புகைச்சதோ, ஊசியோ? குடிக்கிறனீங்களோ? ஏதும் குளிசை போடுறதோ?”

திட்டு வரும் என்று காத்திருந்த தர்ஷனுக்கு அது வராதது அந்தரமாக இருந்தது. தலை குனிந்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னான். செத்துப்போக நினைத்ததுண்டா என்று கஜனி நேராகவே கேட்டார். அவன் ஓம் என்று தலையாட்டினான்.

“சரி. சொன்னது நல்லது,” என்றார் கஜனி. “ஐஸ் எடுத்து நித்திரை இல்லாமல் இருக்கேக்கை மூளை இப்பிடித்தான் குழம்பும். ஆக்கள் நிக்கிற மாதிரித் தெரியும், குரல் கேக்கும். அதுக்கு மருந்து இருக்கு. நிப்பாட்டினால் மனம் அப்பிடியே சோர்ந்து விழுந்துபோகும். அந்த நேரம் ஆள் தனிய இருக்கப்படாது. ஐஸ் ஆசையை நிப்பாட்ட ஒரு குளிசை இருக்கு எண்டு நான் பொய் சொல்ல மாட்டன். கதைச்சுக் கதைச்சு, பழக்கத்தை மாத்தித்தான் விடவேணும். ஹெரோயின் வேற. விடேக்கை உடம்பு முறிக்கும், மூக்கு ஓடும், சத்தி, வயித்தோட்டம். செத்துப்போவன் எண்டு நினைப்பீங்கள். நாங்கள் மருந்து தந்து அதைத் தாங்க வைப்பம். வாட்டில கொஞ்ச நாள் நில்லுங்கோ.”

“அதோட சுகமாகிடுமோ டொக்டர்?” என்று சுமித்திரா கேட்டாள்.

“இல்லை அக்கா. உடம்பு கழுவுப்படும், அவ்வளவுதான். பழக்கம் தலைக்குள்ள இருக்கு. வாட்டால போன உடன அதே டிப்பர், அதே சிநேகிதம் எண்டால் திரும்பவும் போவார். அதால, வாட்டுக்குப் பிறகு அரசாங்கத்தின்ர புனர்வாழ்வு நிலையம் ஒண்டில தங்கி நிண்டால் நல்லது. அதுவும் இலவசம்தான்.”

சுமித்திரா எழுந்துவிட்டாள். கதிரை பின்னால் சறுக்கிச் சுவரில் இடித்தது.

புனர்வாழ்வு என்ற அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். யுத்தத்தின் கடைசி மாதங்களில், பதினேழு வயதில், இயக்கம் அவளை வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போனது. எல்லாம் முடிந்தபிறகு அரசாங்கம் அவளை ஒரு வருடம் புனர்வாழ்வு முகாமில் வைத்திருந்தது. திரும்பி வந்தவள் வெகுகாலம் யாரோடும் கதைக்கவில்லை. கலியாணம் பேசி வந்தவர்கள் அந்த ஒரு வருடத்தைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனார்கள்; திரும்பி வரவில்லை. பிறகு கண்ணிவெடி வேலைக்குப் போனாள். அதில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்து, இன்று ஒரு அணிக்குத் தலைவி. எல்லாவற்றையும் தாண்டி வந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள். எல்லாம் திரும்பி வர ஒரு சொல் போதும் போலிருந்தது.

“அங்கை அனுப்ப மாட்டன்,” என்றாள்.

கஜனியும் இந்த மண்ணில் பிறந்தவர்தான். காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“அக்கா, விளங்குது. ரெண்டு பாதை இருக்கு. கோட்டுக்குப் போய், நீதவான் கட்டளை போட்டு அனுப்புறது ஒண்டு. நான் சொல்லுறது அது இல்லை. இவர் தானா விரும்பிப் போற இடம். இவர் ஓம் எண்டால்தான் சேர்ப்பினம். என்ர சொல்லை நம்ப வேண்டாம். நீங்கள் போய்ப் பாத்திட்டு வாங்கோ. நான் அங்கை ஒரு சொல் சொல்லிவிடுறன்.”

தர்ஷன் வாட்டில் சேர்ந்தான். முதல் நாட்கள் மோசமாகத்தான் இருந்தன. சத்தி எடுத்தான், குளிரில் நடுங்கினான், தாதியைத் திட்டினான், பிறகு அழுதான். வடிவம்மா கஞ்சி காய்ச்சிக்கொண்டு தினமும் பஸ் ஏறினாள். “எம்புள்ளைக்கு என்னா வியாதின்னு கேட்டா என்னத்தச் சொல்ல?” என்று வாட் வாசலில் நின்று கேட்டாள். “வருத்தம் எண்டு சொல்லுங்கோ அம்மா, அது பொய்யில்லை,” என்றாள் ஒரு தாதி. வடிவம்மா அன்றிலிருந்து அப்படியே சொன்னாள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்காமலே சொன்னாள்.

சுமித்திரா லீவு எடுத்துக்கொண்டு மாங்குளத்தில் கொழும்பு பஸ் ஏறினாள். அந்த நிலையம் தெற்கே, இறப்பர் மரங்களுக்கு நடுவில் இருந்தது. வாசல் படலையடியில் நின்று அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். முள்ளுக்கம்பி இல்லை. சீருடைக்காரர் இல்லை. சாரம் கட்டிய சிலர் கரப்பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். காவலாளியிடம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டாள்.

“இந்தப் படலையை எந்தப் பக்கத்தால பூட்டுறது?”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு உள்ளே தொங்கிய கொக்கியைக் காட்டினார். நாய் வராமலிருக்கப் போடுவதாம்.

உள்ளே சுதாஜினி என்ற ஆலோசகர் அவளை வரவேற்றார். வவுனியாக்காரி, தமிழில் பேசினார். சுமித்திராவின் கேள்விகள் தீர வெகுநேரமாயிற்று. அடிப்பீங்களோ? வீட்டுக்கு எடுத்துக் கதைக்க விடுவீங்களோ? இடையில போகவேணும் எண்டால் என்ன செய்வீங்கள்? தமிழ்ப் பெடியன் எண்டு ஆரும் ஏதும் சொன்னால் ஆர் கேக்கிறது? சுதாஜினி எல்லாவற்றுக்கும் மறைக்காமல் பதில் சொன்னார். அடி இல்லை. கிழமைக்கு ஒரு தடவை வீட்டோடு பேசலாம். போக வேண்டும் என்று நிற்பவரோடு இருந்து கதைப்பார்கள். அதற்குப் பிறகும் போகிறேன் என்றால் வீட்டுக்கு அறிவித்து அனுப்புவார்கள். தமிழ் தெரிந்தவர்கள் குறைவு, அது உண்மை. சமையல் ஆளும் தானும்தான்.

“நீங்களும் எங்கையோ உள்ள இருந்தனீங்கள் போல,” என்றார் சுதாஜினி கடைசியில்.

“ஓம்,” என்றாள் சுமித்திரா. அந்நியர் ஒருவரிடம் அதை ஒப்புக்கொண்டது அதுதான் முதல்முறை.

திரும்பி வந்து தம்பியிடம் சொன்னபோது அவன் வெடித்தான். உடம்பு தேறியிருந்தது, கோபமும் சேர்ந்து தேறியிருந்தது.

“புனர்வாழ்வோ? நீ போய் வந்தனீதானே. வந்து எத்தினை வருசம் சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தனீ எண்டு எனக்குத் தெரியாதோ? நான் சின்னப் பெடியன், கதவுக்குப் பின்னால நிண்டு பாத்தனான். என்னையும் அப்பிடி ஆக்கப் போறியோ?”

வாட்டில் எல்லோரும் திரும்பினார்கள். சுமித்திரா கட்டிலின் ஓரத்தில் இருந்தாள்.

“என்னை ஒருத்தரும் கேக்கேல்லை தர்ஷன். இயக்கமும் கேக்கேல்லை, ஆமியும் கேக்கேல்லை. உன்னைக் கேக்கினம். அதுதான் வித்தியாசம். நான் போய், இருந்து, எல்லாம் பாத்திட்டுத்தான் வந்தனான். நீ மாட்டன் எண்டால் நான் இழுத்துக்கொண்டு போகமாட்டன். கிளினிக்குக்கு வந்து மருந்து எடுத்துக்கொண்டு வீட்டில இரு. அதுவும் ஒரு வழிதான், டொக்டர் சொன்னவா. ஆனால் எனக்குத் தெரிஞ்சு, அந்த டிப்பர் சத்தம் கேக்கிற ஊரில உனக்கு அது கஷ்டம்.”

அவன் இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் கஜனியிடம் அவனே போய், அங்கே மீன்கறி சமைப்பார்களா என்று கேட்டானாம். கஜனி சிரித்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தார். இடம் கிடைக்கச் சில வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை கஜனி அவனை வாட்டிலேயே வைத்திருந்தார்; டிப்பர்க்காரர்கள் வந்து கேட்டபோது வடிவம்மா வீட்டுப் படலையிலேயே நின்று வழக்கத்துக்கு மாறாக நல்ல வன்னித் தமிழில் ஏசி அனுப்பினாள்.

மூன்று மாதம் தெற்கில் இருந்தான். உடம்பு வைத்து, கொஞ்சம் சிங்களம் பேசிக்கொண்டு வந்தான். அதோடு கதை முடிந்தது என்று நினைத்தார்கள்.

முடியவில்லை. வந்து சில மாதங்களின் பின் பழைய சிநேகிதன் ஒருவனின் சாவீடு. அங்கே போனவன் பின்னேரமாகியும் வரவில்லை. சுமித்திரா தேடிப் போனபோது மணல் குவித்திருந்த ஒரு வெறும் வளவில், டிப்பரின் நிழலில் கிடந்தான். உதடு நீலம். மூச்சு விட்டு விட்டுத்தான் வந்தது. கஜனி அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் அது: நிறுத்தி வைத்தவனின் உடம்பு பழைய அளவைத் தாங்காது, விட்ட இடத்திலிருந்து தொடங்கினால் மூச்சு நின்றுவிடும்.

அவள் அலறவில்லை. 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்து இடத்தைச் சொன்னாள். கைபேசியை ஒலிபெருக்கியில் வைத்துவிட்டு, அந்தப் பக்கத்தில் பேசியவர் சொன்னபடி செய்தாள். மூச்சு தடைப்பட்டபோது தலையைச் சரித்து வாயோடு வாய் வைத்து ஊதினாள். மூச்சு திரும்பியதும் ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தாள். வந்தவர்களிடம் “ஹெரோயின்” என்று முதல் சொல்லாகச் சொன்னாள். மறைத்திருந்தால் சரியான மருந்து பிந்தியிருக்கும். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். தர்ஷன் கண்ணைத் திறந்தான்.

“எல்லாம் வீணாப் போச்சு அக்கா,” என்றான் முதலில்.

“என்ன வீண்? சீனி வருத்தக்காரன் ஒரு நாள் லட்டு திண்டால் கிளினிக்கை விட்டிடுறவனோ?” என்று கேட்டது கஜனி. வாட்டுக்குள் அப்போதுதான் வந்திருந்தார். “இது நடக்கிறதுதான். எங்கை சறுக்கினது எண்டு பாப்பம். திரும்பத் தொடங்குவம்.”

இந்த முறை யாரும் அவனைக் கூட்டிப் போகவில்லை. வாட்டால் வந்ததும் கிளினிக் நாள் பார்த்துத் தானே பஸ் ஏறினான். டிப்பர் வேலையை விட்டான். சிநேகிதர்களின் எண்களை அம்மாவுக்கு முன்னால் வைத்தே அழித்தான். மாங்குளத்தில் உழவு இயந்திரம் திருத்துகிற கராஜ் ஒன்றில் இப்போது வேலை. இரண்டு வருடமாகிறது. ஆசை வருவதில்லையா என்று தயாளினி ஒருமுறை கேட்டாள். “வரும். மழை இருட்டு, மண் மணம் எண்டால் வரும். அப்ப அக்காவுக்கு ஃபோன் அடிச்சுக் கதைப்பன். என்னத்தையாவது கதைப்பம்,” என்றான். வெட்கப்படாமல் சொன்னான்.

சுமித்திராவுக்கு இதனால் இன்னொரு வேலை வந்து சேர்ந்தது. துணுக்காயிலிருந்தும் முள்ளிவாய்க்காலிலிருந்தும் தாய்மார் அவளைத் தேடி வருகிறார்கள். சிலர் மகனை அறையில் பூட்டிவிட்டு வருகிறார்கள். அவள் முதலில் பூட்டைத் திறக்கச் சொல்கிறாள். குடிகாரனாக இருந்தால் வீட்டில் வைத்துத் திடீரென்று குடியை நிறுத்த வேண்டாம், வலிப்பு வந்து ஆளே போய்விடலாம், ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் விடவேண்டும் என்கிறாள். எந்த நாள் கிளினிக், எந்த வாசலால் போவது, யாரைக் கேட்பது என்ற விபரமெல்லாம் அவளிடம் இருக்கிறது. தனியே போகத் தயங்குகிறவர்களோடு தன் ஓய்வு நாளில் தானே போகிறாள். புனர்வாழ்வு என்ற சொல்லை இப்போது அவளே சாதாரணமாகச் சொல்கிறாள். கேட்பவரின் முகம் மாறினால், “நானும் பயந்தனான்தான்” என்று தன் கதையிலிருந்து தொடங்குகிறாள்.

போன கிழமை முள்ளிவாய்க்காலில் இருந்து ஒரு பெண் வந்திருந்தாள். புருஷன் கடலுக்குப் போகிறவன், ஐஸ் பழக்கம். அழுது முடித்துவிட்டு, “அவர் வர மாட்டன் எண்டு நிக்கிறார் அக்கா, நான் என்ன செய்ய?” என்று கேட்டாள்.

“அவர் வராட்டில் நீங்கள் வாங்கோ,” என்றாள் சுமித்திரா. “வீட்டாக்களோடையும் டொக்டர் கதைப்பா. எப்பிடிக் கதைச்சால் அவர் வருவார் எண்டு சொல்லித் தருவா. வாற செவ்வாய் கிளினிக். எட்டு மணி பஸ்ஸில ஏறுங்கோ, நான் ஆஸ்பத்திரி வாசலில நிப்பன்.”

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் நேரத்தை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். வடிவம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.